விரிப்பை மாற்றுவது யார்?

கோடை விடுமுறைக்கு மலைக்குச் செல்லும் குடும்பங்கள் விடுதி அறைகளை விட்டு வீடுகளை நாடத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கொடைக்கானலில் சமையலறையோடு கூடிய ஒரு வீட்டை எட்டு நாள், பத்து நாள் என்று வாடகைக்கு எடுத்து, அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு போய், சமைத்து உண்டு தங்கி வருவது இன்று நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டக்கூடியதாகிவிட்டது. நல்லதே. தாத்தா, பாட்டி முதல் கைக்குழந்தை வரை விடுதியின் மூன்று அறைகளில் பிரிந்து கிடப்பதைக் காட்டிலும், ஒரே கூரையின்கீழ் பத்து நாள் கூடி வாழ்வது எவ்வளவோ மேல். அந்த ஏற்பாட்டைக் குறைகூற நாம் வரவில்லை. அந்த ஏற்பாட்டில் எவரும் வாய்திறந்து பேசாத ஒன்றைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறோம்.

வீடு பேசும்போது என்னென்ன கேட்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். எத்தனை பேர் தங்கலாம், எத்தனை கார் நிறுத்தலாம், வெந்நீர் எந்நேரமும் வருமா, கேஸ் சிலிண்டர் யார் பொறுப்பு, இரவில் தீ மூட்ட விறகு கிடைக்குமா, ஏரிக்கு எவ்வளவு தூரம். எல்லாம் கேட்கிறார்கள். பத்து நாளில் படுக்கை விரிப்புகளை எத்தனை முறை மாற்றுவார்கள், துண்டுகளைத் துவைப்பது யார், வீட்டை நாள்தோறும் கூட்டுவது யார், காலி செய்யும் நாளில் வீடு எந்த நிலையில் இருக்கவேண்டும் என்பவற்றை மட்டும் கேட்பதில்லை. வீட்டுக்காரரும் சொல்வதில்லை. இவற்றையெல்லாம் பேசுவது கௌரவக் குறைவு என்று இரு தரப்பும் எண்ணுகின்றன போலும். இந்த மௌனத்தை நாகரிகம் என்று ஏற்க நாம் ஆயத்தமாயில்லை. இதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைச் செலுத்துபவர் வீட்டுக்காரரும் அல்லர், விருந்தினரும் அல்லர். வீட்டின் பின்புறத்தில் ஓர் அறையில் குடியிருக்கும் காவலாளியின் மனைவியே அதைச் செலுத்துகிறார்.

அவரது நிலையைச் சற்று நோக்குவோம். வாயிற்கதவைத் திறக்கவும், தோட்டத்துக்கு நீர் விடவும், இரவில் காவல் இருக்கவும் கணவருக்கு மாதச் சம்பளம் உண்டு. குடியிருக்க ஓர் அறையும் உண்டு. அந்த அறைக்கு ஈடாகவே மனைவி வீட்டைப் பெருக்கித் துடைப்பதும், கழிவறை கழுவுவதும், விரிப்புகளை அலசிக் காயப்போடுவதும் நடக்கின்றன. சம்பளக் கணக்கில் அவர் பெயர் இல்லை. வேலை நேரம் என்று ஒன்று இல்லை. எல்லா வீடுகளிலும் இப்படித்தான் என்று நாம் சாதிக்கவில்லை. முறையாக ஆள் நியமித்து, சலவைக்குத் தனியே செலவிட்டு நடத்துவோரும் இருக்கிறார்கள். ஆனால் ஒருவர் தம் சொந்த வீட்டைப் பருவகாலத்தில் மட்டும் வாடகைக்கு விடும் இடங்களில், “வாட்ச்மேன் வீட்டம்மா பார்த்துக்கொள்வாள்” என்ற ஒரே வாக்கியத்தில் இந்த வேலை முழுவதும் அடங்கிவிடுகிறது.

இந்த அம்மாவிடம் விருந்தினர் இருவேறு மனப்பாங்குகளோடு வருகிறார்கள். ஒரு சாரார் பெரிய விடுதியில் தங்கிப் பழகியவர்கள். காலையில் வெளியே சென்று மாலையில் திரும்பும்போது கட்டிலில் சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பும், குளியலறையில் மடித்த துண்டும் இருக்கவேண்டும். இல்லையேல் வீட்டுக்காரருக்குத் தொலைபேசி பறக்கும். அவர்கள் கேட்பது எவ்வளவு வேலை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டுப் பேர் தங்கும் வீடு. மூன்று இரட்டைக் கட்டில்களுக்கும், தரையில் போடும் இரண்டு மெத்தைகளுக்குமாக ஐந்து விரிப்புகள், எட்டுத் தலையணை உறைகள், எட்டுக் குளியல் துண்டுகள். உலர்ந்த நிலையில் இவை ஏழெட்டுக் கிலோ இருக்கும். நனைத்துப் பிழிந்தால் எடை இருமடங்கு. இயந்திரம் இருந்தாலும், மேற்புறம் திறக்கும் சாதாரண இயந்திரத்துக்கு ஒரு முறைக்கு நூறு லிட்டர் தண்ணீராவது வேண்டும். நாள்தோறும் மாற்றினால் பத்து நாளில் எழுபது, எண்பது கிலோ துணி. ஆயிரம் லிட்டர் தண்ணீர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பதே குடிநீர் வழங்கலுக்கு நடுவண் அரசு வகுத்துள்ள அளவு. அதாவது ஒரு மனிதர் குடிக்க, குளிக்க, சமைக்க, துவைக்க ஒரு நாள் முழுவதும் செலவிடும் நீரில் பெரும்பகுதி, ஒரே இரவு படுத்தெழுந்த விரிப்புகளுக்குப் போகிறது.

அதுவும் எந்த மாதத்தில்? ஏப்ரலும் மேயும் கொடைக்கானலுக்குப் பருவகாலம். தண்ணீருக்கு முட்டுப்பாடான காலமும் அதுவே. லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கித் தொட்டியை நிரப்பும் தங்குமிடங்கள் அங்கே உண்டு. உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. மலை தாங்கும் அளவு என்று ஒன்று உண்டு என்பதை வண்டிகளைப் பொறுத்தவரை ஒப்புக்கொண்டாயிற்று. வண்டியில் வந்து இறங்குவோர் அழுக்காக்கும் துணியைப் பற்றி எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

உலர்த்துவது அடுத்த தொல்லை. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. காலையில் வெயில் அடிக்கும். கோடையிலும் பிற்பகலில் மேகம் இறங்கி மழை தூறும். ஆகஸ்டில் சலேத் மாதா திருவிழாவுக்குச் சென்றவர்களுக்கு அந்த ஊரின் பனிமூட்டம் தெரியும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டாலோ தடித்த பருத்தித் துண்டு ஒன்று காய இரண்டு மூன்று நாள் ஆகும். பாதி காய்ந்ததை மடித்து வைத்தால் பூஞ்சை வாடை வீசும். அந்த வாடைக்கும் ஏச்சு வாங்குபவர் அந்த அம்மாவே. குழம்பு சிந்திய விரிப்பின் கதை இன்னும் மோசம். மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவந்துபோகும். நல்ல வெயிலில் கிடந்தால்தான் மங்கும். வெயிலில்லாத ஊரில் மஞ்சள் கறையோடு போராடுவது எப்படி என்று கட்டிலில் அமர்ந்து சோறு உண்பவர்கள் சிந்திப்பதில்லை.

மற்றொரு சாரார் இதற்கு நேர் எதிர். விரிப்பு மாற்றவேண்டும் என்று கேட்கவே மாட்டார்கள். பத்து நாளும் எவரையும் உள்ளே விடமாட்டார்கள். கடைசி நாள் அவர்கள் கிளம்பிய பின் கதவைத் திறந்தால், பத்து நாள் குப்பையும் பத்து நாள் எண்ணெய்ப் பிசுக்கும் அப்படியே காத்திருக்கும். கழுவுதொட்டியில் சோறு அடைத்திருக்கும். கழிவறையில் போடக்கூடாதவற்றைப் போட்டிருப்பார்கள். காலை 11 மணிக்கு இவர்கள் வெளியேற, பிற்பகல் 1 மணிக்கு அடுத்த குடும்பம் வந்து நிற்கும். இடையில் இரண்டு மணி நேரம். அதற்குள் அடுப்பு முதல் கழிவறை வரை ஒரே பெண் சுத்தம் செய்தாகவேண்டும். அவசரத்தில் பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் ஒன்றாகக் கொட்டிவிடுவது நம் ஊர்களில் காணக்கூடியதே. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு எழும்பும். காற்றோட்டமில்லாத சிறு குளியலறையில் அது மூச்சை அடைக்கும், நுரையீரலைப் புண்ணாக்கும். இரண்டையும் கலக்கக்கூடாது என்று அவருக்குச் சொல்லித்தரவும், ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கித்தரவும் எந்த வீட்டுக்காரருக்கும் பெருஞ்செலவாகாது.

இவ்வளவும் சொல்வதால், விருந்தினர் சுத்தத்தை எதிர்பார்ப்பதே தவறு என்று நாம் வாதிடுவதாக எவரும் கொள்ளவேண்டாம். பணம் கொடுத்துத் தங்குபவர் சுத்தமான படுக்கையைப் பெறும் உரிமை உடையவர். அதில் பல வீட்டுக்காரர்கள் செய்யும் தில்லுமுல்லு நமக்குத் தெரியாததன்று. விரிப்பு மாறும், கம்பளி மாறாது. ஒரு பருவகாலம் முழுவதும் ஒரே கம்பளி, குடும்பம் குடும்பமாகக் கைமாறிக்கொண்டிருக்கும். சிரங்கு உண்டாக்கும் சிற்றுண்ணி மனித உடலை விட்டு நீங்கிய பின்னும் இரண்டு மூன்று நாள் துணியில் உயிரோடிருக்கும் என்பது மருத்துவர்கள் சொல்வது. முந்தைய குடும்பம் போர்த்திய கம்பளியை இரண்டு மணி நேரத்தில் அடுத்த குடும்பத்தின் குழந்தைக்குப் போர்த்துவது விருந்தோம்பலாகாது.

இதில் இரயில்வே ஒரு பாடம். குளிர்சாதனப் பெட்டியில் பயணிக்கு இரண்டு விரிப்புகள் தருகிறார்கள். ஒன்று கீழே விரிக்க. மற்றொன்று உடலுக்கும் கம்பளிக்கும் இடையே போட. கம்பளியை ஒவ்வொரு பயணத்துக்கும் துவைக்க இயலாது என்பதால்தான் இந்த ஏற்பாடு. மாதத்துக்கு ஒரு முறையாவது கம்பளிகள் துவைக்கப்படுகின்றன என்று 2024 நவம்பரில் நாடாளுமன்றத்தில் இரயில்வே அமைச்சர் தெரிவித்தார். அது போதுமா என்பது வேறு வழக்கு. ஆனால் எது துவைக்கப்படும், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று ஒரு கேள்வி எழுந்தது. அதற்கு ஒரு பதிலும் வந்தது. பத்து நாளுக்குப் பெருந்தொகை கொடுத்து எடுக்கும் வீட்டில் அந்தக் கேள்வியே எழுவதில்லை.

முற்காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. பயணியர் மாளிகையில் தங்கியவர்கள் தங்கள் படுக்கையைத் தாங்களே கொண்டு சென்றார்கள். நம்மில் மூத்தவர்களுக்கு ‘ஹோல்டால்’ என்ற அந்தக் கான்வாஸ் சுருள் நினைவிருக்கும். மெத்தை, தலையணை, போர்வை எல்லாம் அதற்குள் அடங்கும். தோல்வாரால் இறுக்கிக் கட்டி இரயிலில் ஏற்றுவார்கள். வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29 கொடியேற்றம் தொடங்கிச் செப்டம்பர் 8 வரை தங்கிச் சமைத்து உண்ணும் குடும்பங்களில் பல இன்றும் பாயும் போர்வையும் தாங்களே கொண்டு செல்கின்றன. தன் அழுக்கைத் தானே வீட்டுக்குச் சுமந்து வந்து துவைத்துக்கொள்ளும் முறை அது. அந்த முறைக்கே திரும்பவேண்டும் என்று சொல்ல நமக்கு மனமில்லை. முதியவர்களை அழைத்துக்கொண்டு மலையேறும் குடும்பத்துக்கு அது பெருஞ்சுமை. ஆனாலும் ஆளுக்கொரு துண்டும் ஒரு போர்வையும் எடுத்துச் செல்வதால் எவருடைய தகுதியும் குறைந்துவிடாது. துண்டுகள்தாம் துணிமூட்டையில் பாதி எடை என்பதை மேற்சொன்ன கணக்கைப் போட்டுப் பார்ப்பவர் அறிவர்.

“வீட்டில் ஆண்டு முழுவதும் கூட்டிப் பெருக்கிச் சமைப்பவள் நான். விடுமுறையிலும் துடைப்பத்தைத் தூக்கவேண்டுமா?” என்று ஒரு குடும்பத் தலைவி கேட்டால், அது பொருளற்ற கேள்வியன்று. இந்த விவாதத்தில் மிகவும் நேர்மையான கேள்வி அதுதான் என்றே கருதுகிறோம். சமையலறையோடு கூடிய வீடு என்று மகிழ்கிறோமே, அந்தச் சமையலறையில் நிற்பது யார்? ஊரில் எவர் நிற்கிறாரோ அவரேதான். கணவருக்கும் மக்களுக்கும் ஏரி, படகு, குதிரைச் சவாரி. அவருக்கு இடம் மாறிய அடுப்பு. ஓய்வுக்கென்று வந்த இடத்தில் அவருக்குக் கிடைக்காத ஓய்வைப் பின்னறையில் இருக்கும் மற்றொரு பெண்ணின் முதுகில் ஏற்றிப் பெற்றுத்தருவதுதான் நம் குடும்பங்கள் கண்டுபிடித்திருக்கும் வழி. எட்டுப் பேர் தங்கும் வீட்டில் கல்லூரி செல்லும் மகன்கள் இருப்பார்கள். கை கால் நன்றாயிருக்கும் ஆண்கள் இருப்பார்கள். காலையில் ஒருவர் கூட்டினால் இன்னொருவர் பாத்திரம் கழுவலாம். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ‘விடுமுறையில்கூடவா’ என்கிறார்கள். விடுமுறையில் பழகாத பையன் வேறு எந்த நாளில் பழகப்போகிறான்?

“நாங்கள் சும்மா வருவதில்லை, போகும்போது இருநூறோ முந்நூறோ கையில் கொடுத்துவிட்டுத்தான் வருகிறோம்” என்று சொல்பவர்களும் உண்டு. கொடுக்கிறார்கள், உண்மை. பெரும்பாலும் அது வாயிற்கதவைத் திறந்துவிடும் கணவரின் கைக்குப் போகிறது. தொகை எவ்வளவு என்பது கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. மலையில் மழை பெய்து விடுமுறை கெட்டிருந்தால் தொகையும் குறையும். இந்தப் பழக்கத்தின் வேர் ஆழமானது. நம் கிராமங்களில் ஊர்த் துணியை வெளுத்துக் கொடுத்த வண்ணார் குடும்பங்களுக்கு இத்தனை துணிக்கு இவ்வளவு காசு என்ற பேச்சே நெடுங்காலம் இருந்ததில்லை. அறுவடைக் காலத்தில் களத்தில் அளந்த நெல். மாலை வேளையில் வீடு வீடாக வந்து பாத்திரத்தில் வாங்கிச் சென்ற சோறு. வெள்ளாவி வைத்து ஊரின் அழுக்கையெல்லாம் போக்கியவர்களைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தியே அந்தச் சோறும் இடப்பட்டது. கூலி என்றால் கணக்குக் கேட்கலாம். தருமம் என்றால் கேட்க முடியாது. காவலாளியின் கையில் திணிக்கும் இருநூறு ரூபாய் அந்த மாலைச் சோற்றின் வழித்தோன்றல். இதில் நம் மக்கள், கோவிலுக்குத் தவறாமல் செல்லும் நம் மக்கள், மற்றவர்களிலும் மேம்பட்டவர்கள் என்று நாம் சொல்லத் துணியமாட்டோம்.

வெளிநாடுகளில் இதற்கு வேறொரு வகைச் சச்சரவு நடந்தது. அங்கே வாடகை வீடுகளில் சுத்தம் செய்யும் கட்டணம் தனி இனமாகவே பட்டியலில் வரும். அதையும் வாங்கிக்கொண்டு, போகும்போது விரிப்புகளை உருவிப் போடு, துணியைத் துவைத்துவிட்டுப் போ என்று வீட்டுக்காரர்கள் விருந்தினருக்கு வேலை வைத்தார்கள். மனம் நொந்த விருந்தினர் கூச்சலிட்டதன் பேரில், அத்தகைய வேலைகளை வற்புறுத்தக்கூடாது என்று 2022-இல் ஏர்பிஎன்பி நிறுவனம் அறிவித்தது. அந்தச் சண்டையில் எவர் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். சண்டை போடுவதற்கு அங்கே ஒரு தொகை இருந்தது. துப்புரவு என்பது வேலை, அதற்கு இவ்வளவு விலை என்று தாளில் எழுதப்பட்டிருந்தது. நம் ஊரில் அந்த வரியே பெரும்பாலும் இல்லை. வாடகைக்குள்ளேயே எல்லாம் அடக்கம் என்பார்கள். உடைந்த கண்ணாடிக் குவளைக்கு முன்பணத்தில் பிடித்தம் செய்யும் வீட்டுக்காரர், கறைபட்ட விரிப்புக்கும் பிடித்தம் செய்கிறார். அந்தக் கறையைத் தேய்த்து எடுத்தவருக்கு அதில் ஒரு காசும் சேர்வதில்லை.

ஆகவே வீடு பேசும்போதே இவற்றைப் பேசவேண்டும் என்கிறோம். பத்து நாள் தங்கல் என்றால் இடையில் ஒரு முறை விரிப்பும் உறையும் மாறினால் போதும். நம் சொந்த வீட்டில் அதைவிட அடிக்கடி மாற்றுபவர்கள் எத்தனை பேர்? குழந்தை நனைத்துவிட்டால், நோயாளி இருந்தால் அது வேறு. அதை அன்றே சொல்லிவிடவேண்டும், மெத்தைக்கடியில் மறைத்துவிட்டு வரக்கூடாது. கம்பளிக்குக் கீழே போடத் தனி விரிப்பு உண்டா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். நாள்தோறும் கூட்டுவதும் பாத்திரம் கழுவுவதும் தங்குபவர் வேலை. குளியலறை கழுவுவதும் இறுதித் துப்புரவும் கூலிக்குரிய வேலை. கிளம்பும் நாளில் குப்பையைக் கட்டி வெளியே வைத்து, விரிப்புகளை உருவி ஓரிடத்தில் குவித்து, ஈரத் துண்டைத் தனியே போட்டுவிட்டு வந்தால் அந்த இரண்டு மணி நேரத்தில் அரை மணி மிச்சமாகும்.

இவையெல்லாவற்றிலும் கடினமானது ஒன்று இருக்கிறது. வாடகைத் தொகையைச் சொல்லி முடித்த வீட்டுக்காரரிடம், “இதில் வீட்டைச் சுத்தம் செய்து துணி துவைக்கும் அந்த அம்மாவுக்கு எவ்வளவு?” என்று கேட்பது. பதில் வரச் சற்று நேரமாகும். தொலைபேசியைக் கீழே வைக்காமல் காத்திருக்கலாம். தொகை எதுவும் இல்லை என்றால், ஒரு தொகையைத் தனியே பேசி, அதைக் கிளம்பும் நாள் வரை தள்ளிப்போடாமல், வந்திறங்கிய அன்றே அவர் பெயரைக் கேட்டறிந்து அவர் கையிலேயே கொடுக்கலாம்.